ராக் பாடகர் பயோபிக்: கடைசிக் கச்சேரி ஏன் நெஞ்சில் இறங்க மாட்டேன் என்கிறது?

ஆறாம்தந்தி (கேள்வி)

கற்பனையான ஒரு ராக் பாடகரின் வாழ்க்கையைச் சொல்லும் 40 நிமிடப் படம். மூன்று பாட்டும் படத்துக்காகவே எழுதியவை. கடைசி 5 நிமிடம் கச்சேரி, படமும் அதிலேயே முடிகிறது. முதல் எடிட்டைப் பார்த்தவர்கள் "பாட்டு நல்லா இருக்கு" என்கிறார்கள், அதோடு சரி. தனியாக ஒரு மியூசிக் வீடியோவைக் கொண்டுவந்து ஒட்டவைத்த மாதிரி நிற்கிறது.

இப்போதைய நிலை இது. பாட்டு ஸ்டூடியோவில் பதிவாகி மாஸ்டரிங்கும் (வெளியீட்டுக்கான கடைசி ஒலிச் சீரமைப்பு) முடிந்தது. பாடியது வேறொருவர், நடிகர் வாயசைத்திருக்கிறார். நான்கு கேமரா. கடைசிப் பாட்டின் பல்லவி டைட்டிலிலேயே ஒருமுறை முழுதாக வந்துவிடுகிறது. 18ஆம் நிமிடத்தில் அந்தப் பாட்டு பிறக்கும் காட்சி. கச்சேரிக்கு முந்தின காட்சியில், பிரிந்துபோன தம்பி ஃபோனில் பேசுகிறான், அடியில் வயலின் ஓடுகிறது.

இரண்டு நாள் மறுபடி படம்பிடிக்க முடியும். எதை மாற்றுவது? நடிகரையே பாடவைத்தால் தீருமா, இல்லை எடிட்டிலேயே கோளாறா?

வெட்டுமேசை (பதில்)

கோளாறு கச்சேரியில் இல்லை. அதற்கு முன்னால் இருக்கும் 35 நிமிடத்தில் இருக்கிறது.

நிஜப் பாடகரைப் பற்றிய படத்துக்கு ஒரு பெரிய மூலதனம் கைவசம் உண்டு. பார்ப்பவர் அந்தப் பாட்டை ஏற்கெனவே எத்தனையோ வருடமாகக் கேட்டவர். குவீன் குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்க்குரியைப் பற்றிய 'பொஹீமியன் ராப்சடி'யில் 1985 ஜூலை 13 லைவ் எய்ட் நிதிதிரட்டும் கச்சேரிக் காட்சி தொடங்கும்போது, பியானோவின் முதல் நான்கு சுரத்துக்கே அரங்கம் சிலிர்ப்பதற்குக் காரணம் படம் மட்டுமில்லை, கேட்பவரின் சொந்த ஞாபகமும் சேர்ந்து வேலை செய்கிறது. உங்கள் பாடகரை யாருக்கும் தெரியாது. அந்த ஞாபகத்தை 35 நிமிடத்துக்குள் படமே உண்டாக்கித் தரவேண்டும். அப்படியிருக்க, பல்லவியை டைட்டிலில் கொடுத்தது பந்திக்கு முன்னாலேயே வயிற்றை நிரப்பி அனுப்பின கதை.

முதல் வேலையாக டைட்டிலிலிருந்து பல்லவியை எடுங்கள். கடைசிக் கச்சேரி வரை அந்தப் பல்லவி ஒரு தடவைகூட முழுதாக ஒலிக்கக் கூடாது. அதற்குப் பதில் பாட்டைத் துண்டு துண்டாகக் காதில் போடுங்கள், ஒவ்வொன்றும் 10 முதல் 20 நொடிக்குள். ஆம்ப்ளிஃபயரில் செருகாத கிட்டாரில் வெறும் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சுரவரி), தம்பி பக்கத்தில் இருக்கும்போது. சொல் இன்னும் அமையாத சரணம், பஸ்ஸில் முணுமுணுப்பாக. பல்லவிக்கு ஏறும் அந்த நாலு பார் (தாளச் சுற்று) ஒத்திகையில், ஏறின இடத்திலேயே யாரோ கதவைத் திறக்க நின்றுவிடுகிறது. மூன்றும் மூன்று ஆளோடு, மூன்று இடத்தோடு ஒட்டிக்கொள்ளட்டும். கச்சேரியில் ரிஃப் தொடங்கினதும் தம்பி ஞாபகம் தானாக வரும். ஃபிளாஷ்பேக் ஷாட் எதுவும் வேண்டாம், போட்டால் கெடும்.

பாட்டு பிறக்கும் காட்சிதான் இந்த வகைப் படங்களில் அதிகம் பொய்யாக இருப்பது. ஒருவர் ஏதோ ஒரு வார்த்தை சொல்வார், இவர் கண் விரியும், அடுத்த நிமிடம் முழுப் பாட்டும் தயார். உங்கள் 18ஆம் நிமிடத்தில் பாட்டு தப்பாக இருக்கட்டும். வேகம் குறைவு, பல்லவியின் கடைசி கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) வேறு, நடுவில் ஒரு சொல் காலி. அந்தக் கடைசி கார்டு எங்கே போய் உட்கார வேண்டும் என்று காது தேடிக்கொண்டே இருக்கும். கச்சேரியில் அது சரியான இடத்தில் விழும்போது, இசை தெரியாதவருக்கும் உடம்பு அறியும்.

ஃபோன் காட்சியின் வயலினை எடுத்துவிடுங்கள். கச்சேரிக்கு முந்தின 7, 8 நிமிடம் பின்னணி இசையே வேண்டாம். காதைப் பட்டினி போடவேண்டிய நேரம் அது. குழாய்த் தண்ணீர், ஃபேன், நாற்காலி நகரும் சத்தம், இவையே போதும்.

கச்சேரிக்குள் எடிட்: உங்கள் பாட்டு 120 பிபிஎம் (நிமிடத்துக்கு 120 தட்டு) என்று வைத்துக்கொள்வோம். நாலு தட்டு கொண்ட ஒரு பார் 2 நொடி, எட்டு பார் 16 நொடி. நான்கு கேமரா இருக்கிறதே என்று ஒவ்வொரு பாரிலும் மாற்றினால் அதுதான் மியூசிக் வீடியோ. கடைசிப் பல்லவிக்கு முன் ஒரு இடத்தில் எட்டு பார் முழுவதும் முகத்தைவிட்டு நகராதீர்கள். இரண்டாம் சரணத்தை வெட்டலாம், ஆனால் நாலு அல்லது எட்டு பார் எல்லையில் வெட்டுங்கள், வாக்கியம் பாதியில் அறுபடக் கூடாது. கூட்டத்தில் அழும் முகம் ஒன்று போதும். பார்ப்பவர் அழவேண்டிய அழுகையைத் திரையில் இருப்பவர் முந்திக்கொண்டு அழுதுவிட்டால் இவருக்கு மிச்சமில்லை.

ஒலிக்கலவை

மேலே சொன்னது சரி. ஆனால் நீங்கள் எழுதியதில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது "மாஸ்டரிங் முடிந்தது" என்ற சொல்.

மாஸ்டரிங் முடிந்த ராக் பாட்டு அநேகமாக -9 எல்யுஎஃப்எஸ் (காதுக்குத் தோன்றும் சத்தத்தின் அளவு, 0-ஐ நெருங்க நெருங்கச் சத்தம் அதிகம்) பக்கம் அமுக்கப்பட்டிருக்கும். படத்தில் வசனம் -27 பக்கம் உட்கார்கிறது. அந்தப் பாட்டை அப்படியே போட முடியாது, 8, 10 டெசிபல் இறக்குவீர்கள். இறக்கினதும் என்ன கிடைக்கிறது? சத்தமும் போச்சு, டிரம்ஸின் குத்தும் ஏற்கெனவே லிமிட்டரில் (ஒலியின் உச்சங்களை அமுக்கும் கருவி) நசுங்கிப் போச்சு. தட்டையான, தூரத்தில் ஓடும் ரேடியோ. மாஸ்டரிங்குக்கு முந்தின மிக்ஸையாவது, முடிந்தால் ஸ்டெம்களையாவது வாங்குங்கள்: குரல், டிரம்ஸ், பாஸ், கிட்டார், கீபோர்டு என்று தனித்தனியாக. பிறகு கச்சேரியை -17, -18 பக்கம் உட்கார வையுங்கள், உச்ச அளவு -2 தாண்டாமல். அதற்கு முந்தின காட்சியின் வசனத்தை மெல்ல -30க்கு இறக்கி வந்தீர்கள் என்றால் இடைவெளி 12 டெசிபல் ஆகிறது. 10 டெசிபல் ஏறினால் காதுக்கு ஏறக்குறைய இரு மடங்கு சத்தம். பாட்டைக் கூட்டுவதைவிட முன்னால் இருப்பதைக் குறைப்பதே வழி.

அடுத்தது குரலின் ஒட்டு. பேசும் குரல் கம்பில் தொங்கும் பூம் மைக்கில், அறையின் எதிரொலியோடு இருக்கிறது. பாடும் குரல் நுணுக்கமாகப் பிடிக்கும் ஸ்டூடியோ கண்டென்சர் மைக்கில், பஞ்சு வைத்த அறையில். "எல்லாரும் வந்ததுக்கு நன்றி" என்று பேசிவிட்டு அடுத்த நொடி பாடும்போது, ஆளே மாறினது போல் தெரியும். பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் அந்த இடத்தில் நம்பிக்கை அறுந்துவிடும். செய்யவேண்டியது: முதல் இரண்டு வரியை நடிகரையே மேடையில், கையிலிருக்கும் அதே டைனமிக் மைக்கில் பாடவைத்துப் பதியுங்கள். மூன்றாம் வரியில் ஒரு பார் நீளத்துக்கு இரண்டையும் கலந்து பின்னணிப் பாடகருக்கு மாறுங்கள். அவரையும் கண்டென்சரில் இல்லாமல் டைனமிக் மைக்கில் மறுபடி பாடவைப்பது இன்னும் நல்லது.

மூச்சு இன்னொன்று. ஸ்டூடியோ எடிட்டில் வரிகளுக்கு நடுவே மூச்சைத் துடைத்திருப்பார்கள். திரையில் மார்பு ஏறி இறங்குகிறது, சத்தம் இல்லை. அரை மணி நேரம் மேடையில் குதித்தவன் மூச்சு வாங்கவேண்டும். பாட்டு முழுக்க நடிகரின் மூச்சை மட்டும் தனி டிராக்காகப் பதியுங்கள், படத்தைப் பார்த்துக்கொண்டே. ஒரு மணி நேர வேலைதான், பலன் மிகப் பெரியது.

நேரலையாகவே பாடவைப்பதானால் வழி இது. வாத்தியங்கள் நடிகர்களின் காதுக்குள் மட்டும் கேட்கும்படி சின்ன இயர்பீஸ். டிரம்ஸில் வலைத் தோலும் சத்தம் அடங்கின பிளாஸ்டிக் சிம்பலும். கூட்டத்தில் நிற்பவர்களுக்கு இயர்பீஸ் தரமுடியாது. அவர்களுக்காக 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே தாளத்தை மட்டும் துடிப்பாக ஒரு சப்ஊஃபரில் (தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர்) விடுவார்கள். கால் வழியாகத் தெரியும். குரல் அந்த எல்லைக்கு மேலேயே இருப்பதால், பிறகு 70, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வடிகட்டினால் துடிப்பு மட்டும் போய்விடும்.

கூட்டம்: மேடையிலிருந்து கேட்கிறோம் என்றால் கைதட்டல் தாளத்தோடு சேர்ந்து விழக்கூடாது. ஒலி நொடிக்கு சுமார் 343 மீட்டர்தான் போகும். 50 மீட்டர் தள்ளி நிற்பவருக்குப் பாட்டு போய்ச் சேர 0.15 நொடி, அவர் தட்டினது திரும்பி வர இன்னொரு 0.15. ஆக 0.3 நொடி தாமதம். 120 பிபிஎம்மில் ஒரு தட்டு அரை நொடி என்றால் இது எவ்வளவு பெரிய இழுவை என்று பாருங்கள். ஆகவே மூன்று அடுக்கு போடுங்கள்: முன்வரிசை 0.06, நடு 0.17, பின்னால் 0.3 நொடி. பின்னால் போகப்போக மேல் அலைவரிசையைக் குறையுங்கள். இருபது பேர் இருந்தால் போதும், இடம் மாற்றி நிறுத்திப் பத்துத் தடவை பல்லவியைப் பாடவைத்துப் பதியுங்கள். ஸ்ருதி சேராமல் பாடட்டும், திருத்தாதீர்கள். சரியாகப் பாடும் கூட்டம் கோயர் (பயின்ற சேர்ந்திசைக் குழு) ஆகிவிடும்.

பழையகேசட்

நடிகரே பாடினால்தான் உயிர் வரும் என்று ஒரு எண்ணம் பரவியிருக்கிறது. அதை ஏற்கமுடியாது. ராக் பாடகர் ரிச்சி வாலன்ஸைப் பற்றி 1987இல் வந்த 'லா பாம்பா'வில் நாயகன் லூ டயமண்ட் ஃபிலிப்ஸ் பாடவில்லை, லாஸ் லோபோஸ் குழுவின் குரல்தான். ஒரு குறையும் இல்லை. 'பொஹீமியன் ராப்சடி'யில் ஃப்ரெடி மெர்க்குரியின் பழைய பதிவு, மார்க் மார்டெல் என்ற பாடகர், நடிகர் ராமி மாலெக் மூவரும் கலந்திருக்கிறார்கள். ஒலித்தொகுப்பு, ஒலிக்கலவை இரண்டுக்கும் அந்தப் படம் ஆஸ்கர் வாங்கியது. எதிர்ப்பக்கம் பார்த்தால் எல்டன் ஜானைப் பற்றிய 'ராக்கெட்மேன்' நடிகர் டேரன் எகர்டனையே பாடவைத்தது, பாப் டிலனைப் பற்றிய 'எ கம்ப்ளீட் அன்னோன்' நடிகர் டிமோதி ஷாலமேயைப் படப்பிடிப்புத் தளத்திலேயே வாசித்துப் பாடவைத்தது. எல்லாமே எடுபட்டன.

ஆக யார் பாடினார் என்பதைவிடப் படம் எந்த வாக்குறுதி கொடுக்கிறது என்று பாருங்கள். நிஜப் பாடகரின் பதிவைப் போட்டால் "அவரையே பார்க்கிறாய்" என்கிறது படம். நடிகர் பாடினால் "அவர் வழியாக வேறொரு மனிதனைப் பார்" என்கிறது. 'ராக்கெட்மேன்' 1972இல் வந்த பாட்டை லாஸ் ஏஞ்சலஸின் ட்ரூபடோர் அரங்கில் நடந்த 1970 கச்சேரியில் வைக்கிறது, கூட்டம் தரையைவிட்டு மிதக்கிறது. யாரும் தேதி கேட்பதில்லை, ஏனென்றால் தொடக்கத்திலேயே இது ஞாபகத்தில் நடப்பது என்று சொல்லியாகிவிட்டது. 'பொஹீமியன் ராப்சடி' ஆவணம் மாதிரி நடந்துகொண்டு, 1977 பாட்டு ஒன்றை 1980இல் உருவாக்கிக் காட்டியது. அது உறுத்துகிறது, நியாயமான உறுத்தல்தான்.

எனக்கு அளவுகோல் 2007இல் வந்த ஆன்டன் கார்பைனின் 'கன்ட்ரோல்'. ஜாய் டிவிஷன் என்ற ராக் குழுவாக நடித்த நால்வரும் தாங்களே வாசித்தார்கள். அதில் வரும் அந்தச் சிறு கரடுமுரடு, கை கொஞ்சம் முந்துவது, குரல் விளிம்பில் உடைவது, இவைதான் அந்தக் குழுவின் பாடகர் இயன் கர்ட்டிஸின் நிலையைச் சொல்கின்றன. 23 வயதில் இறந்த ஒருவரைப் பற்றிய படம் அது. பளபளப்பான கலவை அங்கே பொய்யாக இருந்திருக்கும். உங்கள் கதையில் தம்பியோடு பிளவு, கடைசி மேடை என்கிறீர்கள். அதனால் உங்களுக்கு இந்த வழியே பொருந்தும் என்று படுகிறது. முழுப் பாட்டும் இல்லாவிட்டாலும் மேலே 'ஒலிக்கலவை' என்பவர் சொன்ன முதல் வரிகளும், கடைசிப் பல்லவிக்கு முந்தின தனிக்குரல் பகுதியும் நடிகருடையதாக இருக்கட்டும்.

ஒரு வேளை நடுவில் யாருடைய பாட்டையாவது சேர்க்க ஆசைப்பட்டால்: பாட்டை எழுதினவரின் உரிமை ஒன்று, பதிவின் உரிமை வேறு. நீங்களே பாடிப் பதிந்தாலும் முதலாவது தேவை. 2020இல் ராக் பாடகர் டேவிட் போவியைப் பற்றி வந்த 'ஸ்டார்டஸ்ட்' படத்துக்கு அவர் பாட்டுகள் கிடைக்காமல், அந்தக் காலத்தில் அவர் மேடையில் பாடிவந்த பிறர் பாட்டுகளை வைத்தே முடித்தார்கள். பார்ப்பவர் காத்திருந்த ஞாபகம் கடைசிவரை வரவே இல்லை.

ஆறாம்தந்தி

டைட்டில் பல்லவியும் வயலினும் போயாச்சு, ஏற்கெனவே வித்தியாசம் தெரிகிறது. மூன்று சந்தேகம்.

ஒன்று: வாயசைப்பு தொடக்கத்தில் கச்சிதமாக இருக்கிறது. போகப்போக விலகி, 5ஆம் நிமிட முடிவில் சுமார் 7 ஃபிரேம் ஒலி முந்துகிறது. ஸ்ருதியில் மாற்றம் எதுவும் கேட்கவில்லை.

இரண்டு: நடிகரின் குரல் பாட்டின் ஸ்ருதிக்கு எட்டவில்லை. இரண்டு அரைச்சுரம் இறக்கவேண்டும். பாட்டு இ மேஜர் (E) ஸ்ருதியில்.

மூன்று: பாட்டு தொடங்கும் முன் எவ்வளவு நேரம் அமைதி?

ஒலிக்கலவை

ஏழு ஃபிரேம் என்றாலே விடை தெரிந்துவிட்டது. கேமரா நொடிக்கு 24 ஃபிரேமில் எடுத்திருக்கிறது, எடிட் புராஜெக்ட் 23.976இல் இருக்கிறது. படம் 0.1 சதவீதம் மெதுவாக ஓடுகிறது, ஸ்டூடியோ பாட்டு அதே வேகத்தில். 300 நொடிக்கு 0.3 நொடி, அதாவது 7 ஃபிரேம். இரண்டையும் ஒரே கணக்குக்குக் கொண்டுவாருங்கள், அல்லது பாட்டை 0.1 சதவீதம் மெதுவாக்குங்கள். ஸ்ருதி இறங்குவது ஒரு அரைச்சுரத்தில் 50இல் ஒரு பங்குகூட இல்லை, யாருக்கும் கேட்காது. ஒருவேளை ஒன்றரை அரைச்சுரம் ஏறியிருந்தால் 44.1 கிலோஹெர்ட்ஸ் கோப்பை 48 என்று ஓட்டியதாக அர்த்தம், அது உங்களுக்கில்லை.

இதை உடனே சரிசெய்யுங்கள். ஒலி முந்துவதைக் காது பொறுப்பதில்லை. ஏறக்குறைய 45 மில்லிநொடி, அதாவது ஒரு ஃபிரேம் முந்தினாலே கண்டுபிடித்துவிடும். பிந்தினால் 125 வரை, மூன்று ஃபிரேம், கவனிக்காது. இயற்கையில் ஒலி எப்போதும் பிந்தித்தானே வரும். உங்கள் உச்சக்கட்டம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் விலகலும் அதிகம். கண்கள் கலங்காததில் இதற்கும் பங்கு உண்டு.

மூன்றாவது கேள்விக்கு: முழு அமைதி வேண்டாம். ஒன்றுமே இல்லாத அமைதி புரொஜெக்டர் கெட்டுவிட்டதோ என்று நினைக்கவைக்கும். மேடைக்குப் போகும் நடையில் கூட்டத்தின் ஆரவாரம் சுவருக்கு அந்தப்பக்கம் கேட்கட்டும். கணினியில் 500 ஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டினால் ஓரளவு வரும். ஆனால் ஆரவாரத்தை ஒரு அறையில் ஸ்பீக்கரில் விட்டு, மூடிய கதவுக்கு இந்தப்பக்கம் மைக் வைத்துப் பதிந்தால் வரும் நிஜம் வேறு. ஒலி வடிவமைப்பாளர் வால்டர் மர்ச் 1973இல் 'அமெரிக்கன் கிராஃபிட்டி' படத்துக்குச் செய்ததும் இதே யோசனைதான். மேடையேறினதும் ஆரவாரம் இரண்டு நொடி முழுதாக, பிறகு மெல்ல அடங்கி, மைக்கில் ஒரு மூச்சு, ஆம்ப்ளிஃபயரின் இரைச்சல் மட்டும். அந்த இரைச்சல் 3 நொடி. 5 நொடி போனால் நடிப்பாகத் தெரியும், 1 நொடி என்றால் காது அதற்குள் பழகியிருக்காது.

கட்டைவிரல்

ஸ்ருதி பற்றி மட்டும். இ மேஜரிலிருந்து டி மேஜருக்கு இறக்கும்போது கிட்டாரை வேறு கார்டு வடிவத்தில் வாசிக்காதீர்கள். இ மேஜரின் முழக்கமே திறந்த தந்திகளில் இருக்கிறது. ஆறு தந்தியையும் முழுதாக இரண்டு அரைச்சுரம் இறக்கி, பழைய வடிவத்திலேயே வாசியுங்கள். தந்தி தளர்ந்து ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்குக் கம்பி) உரசும், ஆகவே 10 கனத் தந்தி போட்டிருந்தால் அதைவிடத் தடித்த 11க்கு மாறுங்கள். பாஸ் கிட்டாருக்கும் அதே இறக்கம். கம்ப்யூட்டரில் முழுக் கலவையையும் இறக்கினால் சிம்பல் சளசளக்கும், டிரம்ஸ் அட்டைப்பெட்டி ஆகும்.

இதில் ஒரு லாபமும் உண்டு. கைகள் இருந்த இடத்திலேயே இருப்பதால், ஏற்கெனவே எடுத்த கிட்டார் க்ளோஸப் எல்லாம் செல்லும். இடது கை தவறான கார்டில் இருக்கும் ஷாட் ஏதாவது இருந்தால் தூக்கிவிடுங்கள். வாசிக்கத் தெரிந்தவர்கள் அந்த ஒரு ஷாட்டிலேயே படத்தைவிட்டு வெளியேறிவிடுவார்கள். டிரம்ஸில் சிம்பல் அடிதான் கண்ணுக்கு மிகத் தெளிவாகத் தெரியும், ஒத்திசைவு சரிபார்க்க அதை வைத்துக்கொள்ளுங்கள். கதை எந்த ஆண்டில் நடக்கிறது என்று நீங்கள் சொல்லவில்லை. 1966க்கு முந்தியது என்றால் ஷூர் எஸ்எம்58 மைக் மேடையில் இருக்கக் கூடாது, அந்த ஆண்டில்தான் அது வந்தது.

வெட்டுமேசை

இன்னொன்று விட்டுப்போச்சு: பாட்டு முடிந்த பிறகு. கடைசி கார்டு அடித்ததும் கைதட்டல், அதன் மேல் உருக்கமான பின்னணி இசை, அதன் மேல் எழுத்து என்று வைத்திருந்தால் மாற்றுங்கள். கார்டு தானாகத் தேய்ந்து அடங்கும் வரை ஷாட்டை வெட்டாதீர்கள், 6, 7 நொடி ஆகும். பிறகு கிட்டார் வயரை உருவும் அந்த 'டப்' சத்தம். அந்த இடத்தில் கறுப்புத் திரை. ஆரவாரம் எழுத்து ஓட ஆரம்பித்த பிறகு வரட்டும், முதலில் கதவுக்கு அந்தப்பக்கத்திலிருந்து கேட்ட அதே பதிவாக.